தீவின் அடியில் ஓர் ஏரி

நெடுந்தீவில் ஆறு இல்லை. ஆண்டு முழுவதும் வற்றாது நிற்கும் ஏரியும் இல்லை. மாரியில் நிரம்பிக் கோடையில் வெடித்துக் கிடக்கும் குளங்கள் சிலவும், மாடுகளும் மட்டக்குதிரைகளும் வாய்வைக்கும் கேணிகளும் துரவுகளுமே எம் கண்ணுக்குப் புலனாகும் நீர்நிலைகள். ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இத்தீவைச் சுற்றி நாற்புறமும் கடல். குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறி ஏறக்குறைய ஒரு மணி நேரம் பயணஞ் செய்தே இங்கு வந்துசேர வேண்டும். அவ்வாறாயின், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வருவதற்கு முன்னரே மக்கள் குடியிருந்த இம்மண்ணில், அவர்கள் எந்த நீரைப் பருகி வாழ்ந்தார்கள்?

இவ்வினாவுக்கு விடை எம் காலடியிலேயே உள்ளது. நெடுந்தீவின் அடியில் ஓர் ஏரி இருக்கிறது. அதனை எவரும் முழுமையாகக் கண்டதில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது அவ்வேரியின் ஒரு சிறு துண்டினையே நாம் காண்கிறோம். மண்ணின்மேல் உள்ள ஏரி கெட்டுப்போனால் ஊரறிய நாறும். மண்ணின் கீழுள்ள ஏரி கெட்டுப்போனால் நாம் எவ்வாறு அறிவது? இன்றைய பேச்சில் இதனைப் பற்றியே சிறிது விளக்க எண்ணுகிறேன். நான் விஞ்ஞானம் கற்றவனல்லன், கலைப் பட்டதாரி. எனினும் ஒரு பாடசாலையின் அதிபர் என்ற முறையில், இதனைக் கற்றே ஆகவேண்டிய நிலை எனக்கு ஏற்பட்டது. அது எவ்வாறு என்பதைப் பின்னர் சொல்வேன்.

முதலில் இவ்வேரி எவ்வாறு உண்டாகிறது என்பதைப் பார்ப்போம். தீவின் தரை முருகைக்கல்லாலும் சுண்ணக்கல்லாலும் ஆனது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையில் ஒரு பகுதி கடலுக்கு ஓடுகிறது. ஒரு பகுதி வெயிலில் ஆவியாகிறது. எஞ்சியது கல்லின் துளைகள் வழியே கீழிறங்குகிறது. அங்கே முன்னரே கடல்நீர் ஊறி நிற்கிறது. கடல்நீர் உப்பைக் கொண்டிருப்பதால் சற்றுக் கனமானது. 1000 இறாத்தல் நிறையுள்ள நன்னீரின் அளவே கடல்நீரை எடுத்தால் அது ஏறத்தாழ 1025 இறாத்தல் நிறுக்கும். ஆதலின் மழைநீர் கடல்நீரின்மேல் மிதக்கிறது. நடுவில் தடித்தும் கரையோரத்தில் மெலிந்தும், கவிழ்த்த தோணியின் வடிவிலன்றி, நீரில் மிதக்கும் தோணியின் வடிவில் அது அமைகிறது. தோணியின் பெரும்பகுதி நீருக்குள் அமிழ்ந்திருப்பது போலவே இந்நன்னீரின் பெரும்பகுதியும் கடல்மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்திருக்கிறது.

இதன் கணக்கினை ஒல்லாந்துப் படைப்பொறியியலாளரான பாடொன் கெய்பென் என்பவர் 1880களின் இறுதியிலும், ஜேர்மானியரான ஹெர்ஸ்பேர்க் என்பவர் 1901ஆம் ஆண்டிலும் தனித்தனியே எடுத்துரைத்தனர். தம் நாட்டு நகரொன்றின் பெயரை எமது தீவுக்கு இட்டுச் சென்ற ஒல்லாந்தரின் வழிவந்த ஒருவரே எம் கிணற்று நீரின் இரகசியத்தையும் கூறினார் என்பது ஒரு வியப்பு. அவர்கள் கூறியது இதுதான்: நன்னீரின் மட்டம் கடல்மட்டத்திலிருந்து ஓரடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றை நேயர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் மேற்பரப்பில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இவ்வுண்மைக்குக் கண்கண்ட சான்று.

இக்கணக்கைத் திருப்பிப் பாருங்கள். அப்போதுதான் அதன் அச்சம் விளங்கும். கிணற்றில் வலிமையான நீரிறைக்கும் இயந்திரத்தைப் பூட்டி, நன்னீரின் மட்டத்தை ஓரடி நிலையாகத் தாழ்த்தினால், கீழேயுள்ள கடல்நீர் காலப்போக்கில் 40 அடி மேலெழ முயலும். உண்மையில் இரு நீருக்கும் இடையே கோடு கிழித்தாற்போன்ற எல்லை கிடையாது. கலங்கிய உவர்ப்பகுதி ஒன்று உண்டு. தீவின் நன்னீர்ப்படையும் கணக்குச் சொல்லும் அளவுக்குத் தடிப்பானதன்று. எனவே கேடு நாம் எண்ணுவதிலும் விரைந்து வரும். துலாவிட்டுப் பட்டையால் இறைத்த எம் பாட்டன்மார் இச்சமன்பாட்டை அறிந்தவர் அல்லர். ஆயினும் அவர்களுடைய துலாக் கிணற்றை வருத்தவில்லை. மேலாக உள்ள நீரைச் சிறிது சிறிதாக மொண்டெடுத்தது. இரவில் கிணறு ஊற இடங்கொடுத்தது. நன்னீருக்குப் பெயர்பெற்ற சாராப்பிட்டிக் கிணறுகளை நெடுந்தீவார் போற்றி வருவதும் இத்தகைய பட்டறிவினாலேயே.

உப்பு எவ்வளவு சேர்ந்தால் நாக்கு அறியும்? ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதில் 19 கிராம் குளோரைட்டு. குடிநீரில் குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டினால் நாக்கு உவர்ப்பை உணரத் தொடங்குகிறது. அதாவது, 75 குடம் மழைநீருடன் ஒரே ஒரு குடம் கடல்நீர் கலந்தாலே அந்த எல்லை வந்துவிடும். ஏரியின் கீழ்ப்புறத்திலிருந்து வரும் பகைவன் இவ்வுப்பு. இவனிடத்தில் ஒரு நற்குணம் உண்டு: நாக்குக்குத் தன்னை அறிவித்துவிட்டே வருவான்.

மேற்புறத்திலிருந்து வரும் பகைவனோ அறிவிப்பதில்லை. மணற்பாங்கான நிலத்தில் அழுக்குநீர் மெல்ல மெல்ல வடிந்து செல்கிறது. செல்லும் வழியில் கிருமிகள் பல மணலில் தங்கி மடிகின்றன. முருகைக்கல்லில் அத்தகைய வடிகட்டல் மிகக் குறைவு. வெடிப்புகளும் பொந்துகளும் நிறைந்த அக்கல், குழாய்போல் நீரை ஓடவிடுகிறது. மலக்குழியில் இன்று விழுந்தது, பெருமழை பெய்தால், சில நாட்களுக்குள் கிணற்றை அடையக்கூடும். அவ்வாறு அடைந்த நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். இளநீர்போல் இனிக்கவும் செய்யும். 1854ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பேதிநோய் பரவியபோது, பிறோட் வீதியிலிருந்த ஒரு நீர்க்குழாயே நோய்க்குக் காரணம் என்று மருத்துவர் ஜோன் சினோ எடுத்துக்காட்டினார். அக்குழாயின் நீர் நல்ல நீரென்று அயலில் பெயர்பெற்றிருந்தது.

இனி என் அனுபவத்தைச் சொல்கிறேன். இத்தீவில் நான் அதிபராகப் பணியாற்றிய பாடசாலையின் கிணறு, சுற்றுவட்டாரத்தில் இனிப்பான நீருக்குப் பெயர் போனது. மாலை வேளையில் அயலிலுள்ள பெண்கள் குடத்துடன் வந்து நிற்பர். பாடசாலைக்குப் புதிய மலசலகூடம் கட்ட நிதி கிடைத்தபோது, “குழியை எவ்விடத்தில் வெட்டுவது?” என்று வேலையாட்கள் கேட்டனர். வகுப்பறைகளுக்குப் பின்னால், மதிலோரமாக, சற்று மேடான ஓரிடத்தைக் காட்டினேன். வீதியால் போவோர் கண்ணில் படாது. கழுவ நீரெடுக்கக் கிணறும் அண்மையில் உள்ளது. இவ்வளவே நான் எண்ணியது. அவ்விடத்தைக் காட்டிய கை என்னுடையதே.

ஒரு மாரி கழிந்தது. அடுத்த மாரியில், தொடர்ச்சியான மழைக்குப் பின், கீழ்வகுப்புப் பிள்ளைகள் பலர் வயிற்றோட்டத்தால் வராது நின்றனர். இரண்டு பிள்ளைகளுக்குச் செங்கண்மாரி கண்டது. பனியென்றும் மாங்காயென்றும் காரணம் பேசினோம். பின்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து வளவைச் சுற்றிப் பார்த்தார். அவருடன் கூடவே திரிந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “சேர், மலசலகூடம் மேட்டிலை, கிணறு பள்ளத்திலை எல்லோ இருக்குது?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். பரிசோதகர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எடுத்துச் சென்ற நீர் மாதிரியில் மலக்கிருமி உண்டென்று அறிக்கை வந்தது.

பெற்றோர் கூட்டத்தில் அவ்வறிக்கையை வாசித்தேன். கிணற்றுநீரை இனிக் குடிக்க வேண்டாம் என்றேன். முதியவர் ஒருவர் எழுந்து, “உந்தத் தண்ணியைக் குடிச்சுத்தான் நாங்கள் எல்லாரும் வளர்ந்தனாங்கள். இவ்வளவு காலமும் இல்லாத கிருமி இப்ப எங்காலை வந்தது, அதிபர்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. கிணறு கெட்டது அன்று, நாம் கெடுத்தோம். குழிக்கு இடம் காட்டியவன் நான்தான் என்பதை அக்கூட்டத்திலேயே ஒப்புக்கொண்டேன். அதன் பின்னரே மக்கள் அறிக்கையை நம்பினர் என்று நினைக்கிறேன்.

அன்றுமுதல் நான் கற்றுக்கொண்டவற்றை நேயர்களுக்குச் சுருக்கமாகக் கூறுகிறேன். நீரின் தரத்தை மதிப்பிட இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் வேண்டும். ஒன்று, நீரைச் சோதித்தல். மற்றொன்று, நீரைச் சூழ்ந்த இடத்தைச் சோதித்தல். முதலாவது இன்றைய நீரின் நிலையைச் சொல்லும். இரண்டாவது நாளை வரக்கூடிய கேட்டைச் சொல்லும். மாதிரி எடுத்த தினத்தில் மழையில்லையெனில் கிருமி அகப்படாதிருக்கலாம்; ஆனால் மேட்டிலுள்ள குழி மேட்டிலேயே இருக்கும்.

இடத்தைச் சோதிக்கக் கருவி ஏதும் வேண்டியதில்லை. சில வினாக்கள் போதும். கிணற்றுக்கு அண்மையில் மலக்குழி உண்டா? அது கிணற்றிலும் உயர்ந்த இடத்தில் உள்ளதா? ஆடுமாடு கிணற்றடிவரை வருகின்றனவா? கிணற்றுக்குக் கட்டு உண்டா? கிணற்றடிச் சீமெந்து வெடித்துள்ளதா? சிந்திய நீர் மீண்டும் கிணற்றுக்குள் வழிகிறதா? வாளியும் கயிறும் நிலத்தில் கிடக்கின்றனவா? குப்பை, எண்ணெய், பசளை முதலியன அருகில் உள்ளனவா? இவ்வினாக்களுக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்று விடையெழுதி, கேடு காட்டும் விடைகளை எண்ணிப் பார்த்தால், கிணற்றின் ஆபத்து எத்தகையது என்பது தெரிந்துவிடும். உலகெங்கும் சுகாதாரத் துறையினர் கையாளும் முறை இதுவே. பத்து வயதுப் பிள்ளையும் இதனைச் செய்யலாம். எங்கள் பாடசாலையில் பிள்ளைகளே தத்தம் வீட்டுக் கிணறுகளுக்கு இதனைச் செய்தனர். மலக்குழி எவ்வளவு தொலைவில் இருத்தல் வேண்டும் என்று பலரும் கேட்பர். பொதுவாக 50 அடி என்று சொல்வதுண்டு. அது மண்ணுள்ள இடத்துக்குப் பொருந்தும். வெடிப்புள்ள முருகைக்கல்லுக்கு அதனைப் போதுமென்று கொள்ளுதல் ஆகாது. இயன்றவரை தொலைவாகவும், பள்ளமான பக்கத்திலும், அடியும் பக்கமும் கட்டப்பட்டு நீர் கசியாத தொட்டியாகவும் அமைப்பதே தக்கது.

இனி நீரைச் சோதித்தல். இதில் எமது தீவுக்கு முதன்மையானவை மூன்று. முதலாவது உப்பு. நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் பேனை போன்ற சிறு கருவியால் அதனை ஒரு நொடியில் அறியலாம். ஒருமுறை அளந்து பயனில்லை. மாதந்தோறும் அளந்து எழுதிவைத்தால், கடல் நெருங்கி வருகிறதா என்பதை நாக்கு அறியுமுன்னே அறியலாம்.

இரண்டாவது மலக்கிருமி. குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஒன்றேனும் இருத்தலாகாது என்பது விதி. இதனை ஆய்வுகூடத்தில்தான் திட்டமாக அறியமுடியும். எனினும் 1982ஆம் ஆண்டு இந்திய ஆய்வாளர் சிலர் எளிய முறையொன்றை வெளியிட்டனர். மருந்தூட்டிய தாள் இட்ட சிறு போத்தலில் நீரை நிரப்பி ஓரிரு நாள் வைத்தால், அழுக்குநீராயின் அது கறுத்துவிடும். இது ஆய்வுகூடத்துக்கு ஈடாகாது. ஆயினும் கறுத்த போத்தலைக் கண்ட தாய்க்கு வேறு பிரசங்கம் தேவையில்லை.

மூன்றாவது நைத்திரேற்று. மலம், சாணம், யூரியா ஆகியவற்றிலிருந்து வரும் இப்பொருளுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இது மிகுந்த கிணற்றுநீரில் பால்மா கரைத்து ஊட்டப்பட்ட கைக்குழந்தைகள் உடல் நீலம்பாரித்து நோயுற்றதை 1945ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் கொம்லி எடுத்துக்காட்டினார். இங்கு தாய்மார் ஒன்றை நினைவில் வைத்தல் வேண்டும். நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று சாகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். உப்பும் அவ்வாறே. கொதிக்கவைத்தல் எல்லாவற்றுக்கும் மருந்தென்று எண்ணுதல் தவறு.

மண்ணின்மேல் உள்ள ஏரிகள் எம்மைவிடக் கொடுத்துவைத்தவை. கொழும்பிலுள்ள பேரே வாவி கழிவுநீரால் ஊட்டம் மிகுந்து பாசி பூத்தபோது, அதன் பச்சை நிறத்தையும் நாற்றத்தையும் வீதியில் சென்ற யாவரும் அறிந்தனர். கனடாவில் 1973ஆம் ஆண்டு ஆய்வாளர் ஓர் ஏரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு புறத்தில் மட்டும் பொசுபரசைச் சேர்த்தனர். அப்புறம் மட்டும் பச்சையாக மாறியது. மறுபுறம் தெளிந்தே நின்றது. வானத்திலிருந்து பார்த்தவர்க்கும் அவ்வேறுபாடு தெரிந்தது. இத்தாலியரான செக்கி 1865ஆம் ஆண்டு கண்ட முறைப்படி, வெள்ளைத் தட்டொன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, எவ்வளவு ஆழத்தில் மறைகிறது என்று பார்த்தே ஏரிநீரின் தெளிவை இன்றும் அளக்கின்றனர். எமது மறைந்த ஏரிக்கோ பச்சையும் இல்லை, நாற்றமும் இல்லை. அதன் செய்தியை நாமே தேடிச் சென்று கேட்க வேண்டும்.

கேளாதிருந்தால் என்ன நேரும் என்பதற்குச் சுன்னாகம் சான்று. அங்கு அனல்மின் நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தது தொடர்பான வழக்கில், 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற நெறிப்படி, பாதிக்கப்பட்ட கிணற்றுக்காரருக்காக 2 கோடி ரூபாய் இழப்பீடு விதிக்கப்பட்டது. நீதி கிடைத்தது நன்று. ஆயினும் சுண்ணக்கல்லினுள் சென்ற எண்ணெயைத் தீர்ப்பினால் வெளியே எடுக்கமுடியாது. நெடுந்தீவில் ஆலைகள் இல்லையே என்று நாம் ஆறுதலடைய வேண்டாம். படகு இயந்திரங்களின் கழிவெண்ணெய், பற்றரி, பூச்சிமருந்துப் போத்தல் ஆகியவை இங்கும் உண்டு. இவற்றைப் பாழ்கிணற்றில் போடும் வழக்கமும் உண்டு. பாழ்கிணறு குப்பைத்தொட்டியன்று; அது அதே ஏரியின் மற்றொரு வாய்.

கடல்நீரை நன்னீராக்கும் பொறிகள் வந்துவிட்டனவே, இனிக் கிணறு எதற்கு என்று இளைஞர் கேட்கின்றனர். குடாநாட்டுக்கு நீர்தரும் தாளையடிப் பெருந்திட்டம் 2024ஆம் ஆண்டு தொடங்கிவைக்கப்பட்டது. தீவுகளுக்கும் இத்தகைய பொறிகள் பெரும் உதவி. அவற்றை நான் குறைகூறவில்லை. ஆனால் பொறிக்கு மின்சாரம் வேண்டும், உதிரிப்பாகம் வேண்டும், அவை படகில் வரவேண்டும். கடல் கொந்தளித்துப் படகு நின்ற நாட்களை இத்தீவார் நன்கறிவர். அந்நாட்களில் எமக்கு எஞ்சுவது கிணறே. குழாய்நீர் வந்ததென்று கிணற்றைக் கைவிட்டால், மீண்டும் தேடும்போது அது குடிக்கத் தக்கதாய் இராது.

எனவே செய்யத்தக்கவை சில. மழைநீரைச் சேமியுங்கள்: 100 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1000 லீற்றர் நீர் இறங்கும்; முதல்மழை நீரை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். கிணற்றுக்குக் கட்டும் மூடியும் இடுங்கள். பெரிய இயந்திரத்தால் ஒரேயடியாக இறைக்காதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து, அவர் சொல்லும் அளவில் வெளிற்றும் தூள் இடுங்கள். குளங்களையும் கேணிகளையும் தூர்வாருங்கள். அவற்றில் நிற்கும் மழைநீரே மெல்ல இறங்கி அடியிலுள்ள ஏரியை வளர்க்கிறது.

எங்கள் பாடசாலைக் கிணற்றின் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மேட்டிலிருந்த குழியை வெறுமையாக்கி, சுண்ணாம்பிட்டு மூடினோம். கசியாத தொட்டியொன்றைப் பள்ளப்பக்கத்தில் கட்டினோம். பிள்ளைகள் கூரைநீரைக் குடித்தனர். ஒரு மாரிக்குப் பின் சோதித்தபோது கிருமி இருந்தது. அடுத்த மாரிக்குப் பின் இல்லை. இல்லையென்று ஒருமுறை வந்ததை நம்பாது, பெருமழை பெய்த வாரத்திலும் கோடை முடிவிலும் மீண்டும் சோதித்தோம், இல்லையென்றே வந்தது. அதன் பின்னரே கிணற்றடியில் தொங்கிய ‘குடிக்கத் தகாது’ என்ற பலகையை இறக்கினேன். நான் ஒரு நிமிடத்தில் காட்டிய இடத்தின் பிழையைத் திருத்த இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சென்றது.

பலகையை இறக்கிய மாலையில் கூட்டத்தில் கேள்வி கேட்ட அம்முதியவரும் வந்திருந்தார். ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்திக் குடித்துவிட்டு, “ருசி முந்தியும் இதுதான், இடையிலையும் இதுதான், இப்பவும் இதுதான்” என்றார். நாக்கை மட்டும் நம்பலாகாது என்பதை இதனிலும் தெளிவாக என்னால் கூறமுடியாது. ஆகவே நேயர்களே, இம்மாரி தொடங்குமுன் ஒருமுறை உங்கள் கிணற்றைச் சுற்றி நடந்து பாருங்கள். எது மேட்டில் இருக்கிறது, எது பள்ளத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். வீட்டில் சிறுபிள்ளை இருந்தால் அதனையும் கூட அழைத்துச் செல்லுங்கள்.